பின்னறைக்குச் சூடு வேண்டாம்

றெக்ஸ் அண்ணையின் வெள்ளை வான் எங்கள் வாசலில் வந்து நின்றபோது, மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டும்கெட்டானாக ஏதோ பெய்துகொண்டிருந்தது. நவம்பர் மாதம். மொன்றியலில் அந்த மாதத்தைப் பிடிக்கும் என்று சொல்கிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். கூடம் தாண்டி, குசினி தாண்டி, பின்னறைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, தரை இப்பிடிக் குளிருது?"

"அதுக்குத்தானே அண்ணை உங்களைக் கூப்பிட்டனான்," என்றேன்.

நகரின் வடக்கே, ஆற்றோரம் இருக்கிற அஹுன்ட்சிக்கில் அந்தப் பழைய வீட்டை நாங்கள் வாங்கியது அதே ஆண்டு வசந்தத்தில். நிலவறையில் ஒரு பெரிய பொயிலர். அது தண்ணீரைக் கொதிக்கவைத்து அறைக்கு அறை நிற்கிற இரும்பு றேடியேற்றர்களுக்கு அனுப்பும். வீடு முழுக்க நல்ல சூடு. பின்னறைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அதற்குக் கீழே நிலவறையும் இல்லை, வெறும் மண். கொல்லைக்குப் போகிற கதவு அந்த அறையில்தான் இருந்தது. அதை என் மகள் செலீனுக்கு விளையாட்டறையாக்க வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கு நாலு வயது. அவள் வாழ்க்கையே தரையில்தான்.

"ஒரு கரண்ட் ஹீற்றர் வாங்கி வைச்சாப் போதாதோ அஜி," என்று என் கணவர் றெனோல்ட் கேட்டுப் பார்த்தார். அவருக்குப் புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலை, மத்தியானம் போனால் நள்ளிரவு தாண்டித்தான் வருவார். வீட்டில் அதிகம் இல்லாதவர்களுக்கு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும்.

"வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை திரியிற சனமே நாங்கள்? பிள்ளை வெறுங்காலோடை ஓடித்திரியிறவள். தரைக்குத்தான் சூடு வேணும்," என்றேன். நான் பிடித்தால் பிடித்ததுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டை எங்களுக்கு விற்றவர் மதாம் பெரோ. தொண்ணூறு வயதை நெருங்கியவர். பிறந்ததிலிருந்தே அந்த வீட்டில் இருந்து, கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போனார். நோட்டரியிடம் கையெழுத்துப் போட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்: "அந்தப் பின்னறைக்குச் சூடு வேண்டாம், மகளே." கிழவி எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

றெக்ஸ் அண்ணை மன்னார்க்காரர். என் கணவரின் ஊர்ப் பக்கம், பங்குக் கோயிலில் பழக்கம். குழாய் வேலையில் கெட்டிக்காரர், வாயும் அப்படித்தான். பொயிலரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினார்.

"இந்தத் தண்ணி றேடியேற்றருக்குச் சரி. தரைக்கு விட்டா உங்கடை காலை அவிச்சுப் போடும். அதாலை திரும்பி வாற ஆறின தண்ணியையும் இதோடை கலந்து விடுற வால்வு ஒண்டு பூட்டுவம். தனிப் பம்ப் ஒண்டு. பேந்து தரைக்குக் கீழாலை வளைச்சு வளைச்சு பிளாஸ்ரிக் குழாய். மேலை மெல்லிசாச் சீமெந்து, அதுக்கு மேலை ரைல்ஸ் கல்லு. இளஞ்சூடு காலுக்குத் தெரியும், கண்ணுக்கு ஒண்டும் தெரியாது."

மறுநாள் பலகைகளைக் கிளப்பினார். நானும் செலீனும் வாசலில் நின்று பார்த்தோம். பலகைக்குக் கீழே மண் இருக்கும் என்றுதான் நினைத்தோம். அங்கே மரத்தூள் இருந்தது. முழங்கால் ஆழத்துக்கு, வெள்ளையாக, காய்ந்து, நேற்று அறுத்துப் போட்டதுபோலப் பைன் மர வாசம் வீசிக்கொண்டு.

"இது என்னத்துக்கு அண்ணை?"

அவர் அதைக் கையில் அள்ளிப் பார்த்தார். "முந்தி இஞ்சை ஐஸ் கட்டியளை இதுக்குள்ளை புதைச்சுத்தான் வெயில் காலம் வரைக்கும் வைச்சிருப்பினமாம். கரையாமல் இருக்க." பிறகு சுவர் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரு இரும்புக் குழாய் எட்டிப் பார்த்தது. அதன் வாயை ஈயம் உருக்கி ஊற்றி அடைத்திருந்தார்கள். "இந்த அறைக்கும் ஆரோ ஒருக்கால் சூடு கொண்டு வந்திருக்கினம். பேந்து வேணுமெண்டு அடைச்சிருக்கினம்."

"ஏன்?"

"ஆருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மரத்தூளைச் சாக்குகளில் அள்ளத் தொடங்கினார்.

அந்த வேலை நடந்த நாட்களில் வீடு கலகலப்பாகவே இருந்தது. நான் வேலை செய்வது ஒரு கார்தெறியில், பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. செலீனும் அங்கேதான். நாங்கள் இருவரும் திரும்புகிற நேரம் றெக்ஸ் அண்ணை சாமான்களை அடுக்கிக்கொண்டிருப்பார். கொல்லைக் கதவால் வெளிக்கிடும்போது நாள் தவறாமல் "அப்ப போட்டு வாறன் தங்கச்சி" என்பார். "ஓம், போட்டு வாங்கோ," என்பேன். செலீனும் கூடச் சேர்ந்து கத்துவாள். வீட்டுக்கு வந்த ஒருவரைப் பார்த்து "போ" என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வரச்சொல்ல வேண்டும் என்று நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். அவளுக்குப் பிரெஞ்சு ஓடுகிற அளவுக்குத் தமிழ் ஓடாது. ஆனால் இதை மட்டும் கச்சிதமாகச் சொல்வாள்.

ஒரேயொரு தடவைதான் அது எங்கள் மானத்தை வாங்கியது. இலையுதிர் காலத்தில் றெனோல்டின் பெரியப்பா காலமானபோது, பெட்டியைப் பார்த்துக் கையாட்டி "போட்டு வாறன்" என்று கத்திவிட்டாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு வெளிக்கிடக்கூடாது, அங்கே ஒருவரையும் வரச்சொல்லவும் கூடாது என்று காருக்குள் வைத்துச் சொன்னேன். "சொன்னா?" என்று கேட்டாள்.

"சொன்னா செத்தவையும் வந்திடுவினம்," என்றேன். என் அம்மா எனக்குச் சொன்னதும் அதுதான்.

டிசம்பரில் தரைக்குச் சூடு வந்தது.

முதல்நாள் நான் அந்த ரைல்ஸில் வெறுங்காலுடன் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். செலீன் குப்புறப் படுத்து கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கே இருண்டுவிட்டது. எங்கள் காலுக்குக் கீழே சூடான தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே தட்டுகிற சத்தம் தொடங்கியது.

டொக். கொஞ்சம் பொறுத்து, டொக். தரைக்குள்ளிருந்து. றெக்ஸ் அண்ணைக்குப் போன் செய்தேன். "அது குழாய்க்குள்ளை நிக்கிற காத்து. புதுசிலை அப்பிடித்தான். நாளைக்கு வந்து எடுத்து விடுறன்," என்றார். றெனோல்டிடம் சொன்னபோது, "காத்தோ கறுப்போ, வடிவாய்க் கேட்டியோ," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

றெக்ஸ் அண்ணை வெப்பம் காட்டுகிற கமெராவோடு வந்தார். சூடு உள்ள இடம் அதன் திரையில் செம்மஞ்சளாகத் தெரியும். குளிர்ந்த இடம் நீலம். தரையை நோக்கிப் பிடித்தார். வளைந்து வளைந்து போகிற குழாய்கள் அழகாகத் தெரிந்தன. அறையின் நடுவில் மட்டும் நீலமாக ஒரு திட்டு இருந்தது. நீளவாக்கில், செலீனின் உயரம் அளவுக்கு.

"அந்த இடத்திலைதான் காத்து அடைச்சு நிக்குது," என்று சொல்லிவிட்டு நிலவறைக்குப் போய் வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றினார். திரும்பி வந்து மறுபடி பிடித்தார்.

நடுவில் இருந்த நீலம் இப்போது அங்கே இல்லை. அது சுவரோரம் போயிருந்தது. செலீன் தன் பொம்மைகளோடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

"காத்து இடம் மாறுமோ அண்ணை?"

"குழாய் போற வழியாலை மாறும்," என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த நீலம் குழாய் போன வழியில் இல்லை, நாலைந்து குழாய்களுக்குக் குறுக்கே கிடந்தது. அவர் அதைக் கவனித்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கமெராவை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் செலீனுக்குக் குளிரத் தொடங்கியது.

படுக்கையில் அவள் தூங்கிய பிறகு போர்வைக்குள் கையை விட்டுக் கால்களைத் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம். கால் சூடாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நிம்மதி. அந்த வாரம் அவள் கால்கள் சில்லிட்டிருந்தன. கம்பளிச் சொக்ஸ் போட்டேன், அப்படியும் சில்லிட்டன. பிறகு கைகள். பிறகு உதடு மெல்ல நீலம் பாய்ந்தது. மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி, ஆனால் உடம்புச் சூடு ஏன் இறங்குகிறது என்று தெரியவில்லை, இன்னும் இறங்கினால் உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த இளம் மருத்துவரின் முகத்தில் பயம் இருந்தது. அதைப் பார்த்து நான் அதைவிடப் பயந்தேன்.

நான் என்ன செய்வேன்? தரையின் சூட்டைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட, பிள்ளை குளிர்ந்துகொண்டு போனாள். சூட்டுக்குள் கிடத்தினால் சரியாகும் என்று நம்பி அந்த அறையில் நானே அவளைக் கிடத்தியிருக்கிறேன்.

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தேன். விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியே பனியின் வெளிச்சம் மட்டும். செலீன் தரையில் பக்கவாட்டில் படுத்திருந்தாள். அவளுடைய போர்வையின் பாதி அவள் மேல் இருந்தது. மறுபாதி வெறும் தரையில் இருந்தது.

வெறும் தரையில் அது தட்டையாகக் கிடக்கவில்லை.

"செலீன்," என்றேன்.

அவள் உதட்டில் விரல் வைத்தாள். "சத்தம் போடாதேங்கோ அம்மா. அவளுக்கு ஃப்ருவா, சரியாக் குளிருது. இப்பத்தான் கொஞ்சம் சூடு வருது."

அறை முழுக்கப் பைன் மர வாசம். புதிதாக அறுத்த மரத்தூள்.

நான் பிள்ளையை இழுத்துத் தூக்கினேன். போர்வை மெதுவாகத் தரையில் படிந்தது, உள்ளே இருந்த ஒன்று எழுந்து போனபிறகு படிவதுபோல. செலீனின் உடம்பு நனைந்த துணிபோலக் குளிர்ந்திருந்தது.

குசினியில் அவளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, மதாம் பெரோவுக்கு ஏதாவது கடிதம் வந்தால் அறிவிக்கச் சொல்லித் தந்திருந்த இலக்கத்துக்குப் போன் செய்தேன். கிழவியே எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன். பின்னறைக்குச் சூடு போட்டுவிட்டோம் என்றேன்.

அவர் மிக மெதுவாகக் கேட்டார்.

"எழும்பிவிட்டாளா?"

யார் என்று கேட்டேன். அவர் சொன்னார். அவருடைய தங்கை. நாலு வயது. ஆற்றங்கரைப் பனியில் வழிதவறி, வெறுங்காலோடு கண்டெடுத்தார்களாம். மண் உறைந்திருந்ததால் புதைக்க வழியில்லை. வசந்தம் வரைக்கும் பின்னறையில், ஐஸ் வைக்கிற மரத்தூளுக்குள் வைத்திருந்தார்கள். "குளிரில் அவள் நன்றாகத் தூங்கினாள். வசந்தத்தில் புதைத்தோம். சில வருடம் கழித்து அப்பா அந்த அறைக்குச் சூடு போட்டார். அம்மா ஒரே மாதத்தில் குழாயை அடைக்கச் சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் என் கால்கள் உறைந்து போயின மகளே. இன்றைக்கும் எனக்கு இரண்டு கால்விரல்கள் இல்லை."

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"சூட்டை எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்து விடுங்கள். அவள் கெட்டவள் இல்லை. குளிர் வந்தால் போய்விடுவாள்."

றெனோல்ட் போனை எடுக்கவில்லை. றெக்ஸ் அண்ணை எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். "வாறன் தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். அவரும் அந்தத் திரையைப் பார்த்தவர்தானே.

வந்தவர் நேரே நிலவறைக்குப் போனார். தரைக்குப் போகிற வால்வுகளை மூடினார். அறையைக் குளிரவிட்டால் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் உறைந்து வெடிக்கும் என்று, காற்றடிக்கிற மெசினைப் பூட்டி ஒரு சொட்டு விடாமல் ஊதி வெளியேற்றினார். பிறகு மேலே வந்து, குசினிச் சுவரில் இருந்த மடு மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, கொல்லைக் கதவை அகலத் திறந்தார். பனிக்காற்று உள்ளே விழுந்தது. செலீனைக் கம்பளியில் சுற்றி நான் குசினி வாசலில் நின்றேன்.

றெக்ஸ் அண்ணை கமெராவைப் பிடித்தார். சீமெந்தில் இன்னும் சூடு மிச்சம் இருந்தது. திரையில் தரை செம்மஞ்சளாக இருந்தது.

ஒரு பாதம் தெரிந்தது.

என் காலுக்கு ஒரு சாண் தள்ளி. சின்னப் பாதம், ஐந்து விரலும் பிரிந்து, நீலமாக.

செலீன் என் தோளுக்கு மேலாகக் கீழே பார்த்து லேசாகக் கையசைத்தாள்.

இன்னொரு பாதம். அதற்கு முன்னால் இன்னொன்று. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, கதவை நோக்கி. "மரியாயே, மரியாயே," என்று றெக்ஸ் அண்ணை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பாதங்கள் கதவு நிலையில் வந்து நின்றன. பக்கம் பக்கமாக இரண்டு. விரல்கள் வெளியே பார்த்தபடி.

பிறகு அங்கேயே மங்கின. தரையும் குளிர்ந்துகொண்டிருந்ததால் ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. மரத்தூள் வாசம் குறைந்தது. என் கழுத்தில் செலீனின் மூச்சு பட்டது. அது சூடாக இருந்தது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் விம்மி விம்மி அழுதேன். றெக்ஸ் அண்ணையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சாமான்களை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நிலையைத் தாண்டினார். படியில் நின்று மாட்டிக்கொண்டே, வழக்கம்போலச் சொன்னார்.

"அப்ப போட்டு வாறன் தங்கச்சி."

"ஓம், போட்டு வாங்கோ," என்றேன். கதவைச் சாத்திப் பூட்டினேன்.

அன்று இரவு செலீன் புட்டும் மீன்குழம்பும் ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டாள். உதட்டில் சிவப்பு வந்திருந்தது. நான் வாய் கழுவிவிடும்போது கேட்டாள்.

"அவள் எப்ப வருவாள் அம்மா?"

"ஆர்?"

"அவள்தான். நீங்கள் வரச்சொன்னீங்கள்தானே."

"நான் ஆரையும் வரச்சொல்லேல்லை."

"சொன்னீங்கள். கதவிலை. போட்டு வாங்கோ எண்டு." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவள் ஓம் எண்டு தலையாட்டினவள்."

"அது றெக்ஸ் மாமாக்குச் சொன்னது, செலீன்."

"ரெண்டு பேரும்தானே நிண்டவை," என்றாள்.

என் கை அப்படியே நின்றது. செத்தவீட்டில் நான் ஒருநாளும் தவறியதில்லை. என் வீடும் ஒரு செத்தவீடுதான் என்பது அந்த ஒரு கணம் நினைவுக்கு வராமல் போய்விட்டது.

பின்னறையை எட்டிப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவடி மிதிபாயில் செலீனின் சிவப்புக் கம்பளிச் சொக்ஸ் இரண்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. "அவளுக்குச் சப்பாத்து இல்லையெல்லோ," என்றாள் பின்னால் வந்த செலீன். நான் அவற்றைத் தொடவில்லை. குசினிக் கதவைச் சாத்தி, அதற்குக் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு படுத்தேன். றெனோல்ட் வந்ததும் எல்லாம் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தி, விடியட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டார்.

விடிந்தும் விடியாத இருட்டில் விழிப்பு வந்தது. வீடு சூடாக இருந்தது. றேடியேற்றர் மெல்லக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். கதிரை வைத்த இடத்திலேயே இருந்தது. அதை நகர்த்திப் பின்னறைக்குள் விளக்கைப் போட்டேன். கொல்லைக் கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால், படியில் விழுந்திருந்த பனியில் ஒரு சுவடும் இல்லை.

மிதிபாயில் சொக்ஸ் இல்லை.

ஓடி வந்தேன். செலீன் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எப்போதும் செய்வதுபோலப் போர்வைக்குள் கையை விட்டேன்.

ஒரு கால். வெறுங்கால், சூடாக இருந்தது.

மற்றக் கால். அதுவும் சூடு.

கையை எடுக்கப் போனபோது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கால் பட்டது. அதில் கம்பளிச் சொக்ஸ் போட்டிருந்தது. சொக்ஸ் உறைந்து விறைத்திருந்தது.